கோட்டைக் கரைக்கு ஒரு படகு

கணினியும் கைப்பழக்கமும் – 9

தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டைக்குத் தெற்கே, கரையில் நின்று வடக்கே பார்த்தால் இடப்பக்கம் கோட்டை, வலப்பக்கம் கடல். அலையில் ஆடியபடி ஒரு மீன்பிடிப் படகு கரைக்கு வருகிறது. இந்தக் காட்சியைக் கணினித் திரையில் ஓடவிட, நிரல் எழுதியே பழகாத பத்தாம் வகுப்பு மாணவருக்கு ஒரு மாலைப்பொழுது போதும். அதற்கான கருவி அவருடைய பாடநூலிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 23-வது அலகு ‘காட்சித் தொடர்பு’. ஸ்கிராட்ச் மென்பொருள் அங்கேதான் அறிமுகமாகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது அது. 1967-ல் சீமோர் பேப்பர்ட்டும் சகாக்களும் குழந்தைகளுக்காகப் படைத்த லோகோ மொழியின் வழிவந்தது. 3.0 பதிப்பு 2019 ஜனவரியில் வந்தது. காசு கிடையாது. ஒருமுறை இறக்கிப் பதிந்துவிட்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும்.

இதில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டளையும் ஒரு வண்ண பிளாக். அசைவுக்கு நீலம், தோற்றத்துக்கு ஊதா, நிகழ்வுக்கு மஞ்சள். ஒன்றின் அடியிலுள்ள புடைப்பு அடுத்ததன் பள்ளத்தில் போய் உட்காரும். பொருந்தாதவை ஒட்டவே ஒட்டாது. ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதால் நிரல் ஓடாமல் நிற்கும் தொல்லை இங்கே இல்லை. எது முதலில், எது பிறகு, எதை எத்தனை முறை என்பதில்தான் மாணவரின் யோசனை முழுக்கச் செல்கிறது.

படம் ஓடும் இடத்துக்குப் பெயர் மேடை. அகலம் 480, உயரம் 360. நடுப்புள்ளி பூஜ்யம், வலக்கோடியில் x 240, இடக்கோடியில் -240. கணக்கு வகுப்பில் வரைபடத் தாளில் புள்ளி வைத்தவருக்கு இது புதிதல்ல.

கோட்டையும் மணலும் கடலும் பின்னணிப் படமாகட்டும். படகைத் தனி ஸ்பிரைட்டாக, அதாவது மேடையில் தனியே அசையும் உருவமாக, முன்பகுதி இடப்பக்கம் பார்க்க வரைய வேண்டும். பிறகு மூன்று பிளாக் கொண்ட ஓர் அடுக்கு: ‘பச்சைக் கொடியை அழுத்தியதும்’, ‘x 200, y -90-க்குப் போ’, ‘6 விநாடியில் x -60, y -90-க்கு நகர்ந்து செல்’. கொடியை அழுத்தினால் படகு புறப்பட்டுவிடும்.

ஆனால் அது தண்டவாளத்தில் போவதுபோல் போகிறது. கடல் எங்கே?

மாணவருக்கு உடனே தோன்றும் வழி, இரண்டாவது பச்சைக் கொடி அடுக்கு ஒன்றை வைத்து, y-ஐ ஐந்து கூட்டி ஐந்து குறைப்பது. அடுக்குகள் ஒரே நேரத்தில் ஓடும் என்பதால் யோசனை சரிதான். ஆனாலும் படகு ஏறி இறங்காது. மிஞ்சினால் ஒரு துடிப்பு தெரியும். ‘நகர்ந்து செல்’ பிளாக் ஒவ்வொரு கணமும் x, y இரண்டையும் தானே எழுதிக்கொண்டிருக்கிறது. இன்னொரு அடுக்கு y-ஐ மாற்றினால் மறுகணமே அதை அழித்துவிடுகிறது. எனவே இடத்தைத் தொடாமல் சாய்வை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டாவது அடுக்கில், உள்ளிருப்பதை ஓயாமல் திரும்பச் செய்யும் ‘எப்போதும்’ பிளாக்குக்குள் 4 பாகை வலப்புறம் திருப்பு, 0.3 விநாடி பொறு, 4 பாகை இடப்புறம் திருப்பு, 0.3 விநாடி பொறு. படகு அலையில் ஆடத் தொடங்கும்.

பாதியில் நிறுத்தினால் சாய்ந்தபடியே நின்றுவிடும். அந்த அடுக்கில் கொடி பிளாக்கை அடுத்து ‘திசை 90’ என்ற பிளாக்கைச் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் நேராகக் கிளம்பும். முதல் அடுக்கில் ‘x 200-க்குப் போ’ வைத்ததும் இதே காரணத்துக்காகத்தான். அது இல்லாவிட்டால் இரண்டாம் முறை கொடியை அழுத்தும்போது, படகு ஏற்கெனவே கரையில் இருக்கும்.

வானத்தில் ஒரு காக்கையும் பறக்கலாம். சிறகு தூக்கிய படம் ஒன்று, தாழ்த்திய படம் ஒன்று. இரண்டும் அந்த ஸ்பிரைட்டின் காஸ்ட்யூம்கள். ‘அடுத்த காஸ்ட்யூம்’ பிளாக்கை ‘எப்போதும்’ பிளாக்குக்குள் போட்டால் விநாடிக்கு சுமார் 30 முறை படம் மாறி, சிறகு வெறும் மங்கலாகத் தெரியும். 0.2 விநாடி பொறுக்கச் சொன்னால் காக்கை காக்கையாகப் பறக்கும். அந்த எண்ணை மாற்றி மாற்றிப் பார்ப்பதே அனிமேஷன் பாடத்தில் பாதி.

அனிமேஷன் உருவாக்க உதவும் மென்பொருள் எது என்று தேர்வில் கேட்டால், ஸ்கிராட்ச் என்று எழுதி ஒரு மதிப்பெண் வாங்கிவிடலாம். y ஏன் மாறவில்லை என்று தேடிய மாணவருக்கோ, இரண்டு கட்டளைகள் ஒரே பொருளுக்குப் போட்டியிட்டால் என்ன ஆகும் என்பது கைவழியாகப் புரிந்திருக்கும். நாளை பைத்தானோ ஜாவாவோ படிக்கும்போதும் இதே சிக்கல் வேறு உருவில் வரும். ஆகவே இந்த அலகைப் பலகையில் எழுதிப்போட்டு முடிக்காமல் கணினி முன் அமர்த்திக் கற்பிக்க வேண்டும். இரண்டு மூன்று பேருக்கு ஒரு கணினி கிடைத்தாலும் போதும்.

அடுத்த வாரம்: படகு எங்கே நிற்க வேண்டும் என்று எண் கொடுக்காமல், மணலின் நிறத்தைத் தொட்டதும் அதைத் தானாகவே நிற்க வைக்கும் ‘நிறம் தொட்டால்’ பிளாக்.

(தொடரும்)