எட்டு ‘ஏ’க்களின் சுமை

1988 முதல் 2019 வரை மலேசியாவில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு எழுதினார்கள். பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளி முதல் கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி வரை, தேர்வு முடிவு வரும் நாளில் பெற்றோரின் கேள்வி ஒன்றுதான்: “எத்தனை ஏ?”

2016இல் தேர்வு முறை மாறியது. உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகள் கூடின. தமிழ்ப்பள்ளிகளில் எட்டுத் தாள்கள். அவ்வாண்டு நாடு முழுவதும் எல்லாத் தாள்களிலும் ‘ஏ’ பெற்றவர்கள் ஏறக்குறைய 1 விழுக்காட்டினர் மட்டுமே. பிள்ளைகள் திடீரென மந்தமாகிவிடவில்லை. அளவுகோல் மாறியது, வீட்டின் எதிர்பார்ப்போ பழைய இடத்திலேயே நின்றது. பிரத்தியேக வகுப்புக்கு ஓடி ஓடிப் படித்த பன்னிரண்டு வயதுக் குழந்தை, ஐந்து ‘ஏ’ வாங்கிவிட்டுத் தலைகுனிந்து வீடு திரும்பியது கொடுமை. அந்த ஐந்தும் உழைத்துப் பெற்றவை அல்லவா?

கோவிட் காரணமாக 2020இல் தேர்வு நடக்கவில்லை. 2021இல் அரசாங்கம் அதை அடியோடு நீக்கியது. இப்போது இருப்பது ஆறு நிலைகள் கொண்ட வகுப்பறை மதிப்பீடு. அதில் மூன்றாம் நிலையே குறைந்தபட்சத் தேர்ச்சி. ஆனால் ‘ஆறு வாங்கினாயா?’ என்று கேட்டால், பழைய சுமை புதுப் பெயரில் திரும்பிவிடும்.

எதிர்பார்ப்பே கூடாதென்று யாரும் சொல்லவில்லை. அது பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமிருந்து அல்லாமல், நம் பிள்ளையின் சென்ற ஆண்டு நிலையிலிருந்து புறப்படட்டும். அடுத்த முறை அறிக்கை கைக்கு வரும்போது, பெற்றோர்களே, எண்ணைப் பார்க்கும் முன் ஆசிரியரின் குறிப்பைப் படியுங்கள்.