செட் அசைட்: ஒதுக்குவதா, ரத்து செய்வதா?

சிவில் கோர்ட் வராந்தாவில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "கேஸ் எக்ஸ்பார்ட்டி ஆயிடுச்சு. செட் அசைட் பெட்டிஷன் போட்டுடலாம்." வக்கீலுக்கு இது அன்றாடச் சொல். கட்சிக்காரரோ, 'செட்' என்றால் வை, 'அசைட்' என்றால் ஓரமாக என்று கணக்குப் போட்டு, தீர்ப்பை ஓரமாக வைத்துவிட்டுப் பிறகு எடுப்பார்களோ என்று குழம்புகிறார்.

எடுக்க மாட்டார்கள். சட்ட மொழியில் இதற்குப் பொருள் ரத்து.

பிரதிவாதி ஆஜராகாமல் ஒருதலைப்பட்சமாக, அதாவது எக்ஸ்பார்ட்டியாக, தீர்ப்பாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சம்மன் முறையாக வந்து சேரவில்லை, அல்லது வர முடியாததற்குத் தக்க காரணம் இருந்தது என்று அவர் காட்டினால், 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9-வது கட்டளை, 13-வது விதிப்படி அந்தத் தீர்ப்பாணையை 'செட் அசைட்' செய்வார்கள். வழக்கு மறுபடி விசாரணைக்கு வரும்.

'ஸ்டே' வேறு. அதில் உத்தரவு உயிரோடுதான் இருக்கும், நிறைவேற்றத்தான் தடை. 'ரிசர்வ்' என்றால் தீர்ப்பு இன்னும் சொல்லப்படவே இல்லை, ஒத்திவைத்திருக்கிறார்கள்.

கோர்ட் வாசலைத் தாண்டினால் சொல் சாதுவாகிவிடுகிறது. பிள்ளையின் படிப்புக்குப் பணம் எடுத்து வைப்பதும், மனஸ்தாபத்தை மறந்து கைகுலுக்குவதும் 'செட் அசைட்'தான். ஐரோப்பாவில் தானியம் மலைபோல் குவிந்தபோது, நிலத்தில் ஒரு பகுதியைத் தரிசாகப் போட விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தார்கள். 1988-இல் தொடங்கி 2008-இல் கைவிடப்பட்ட அந்தத் திட்டத்தின் பெயரும் இதுவே.

இலக்கணம் எளிது. 'செட் அசைட் தி ஆர்டர்', 'செட் தி ஆர்டர் அசைட்' இரண்டும் சரி. 'இட்' வந்தால் மட்டும் நடுவில்தான் உட்கார வேண்டும்: 'செட் இட் அசைட்'. இறந்த காலத்திலும் 'செட்'தான். 'செட்டட்' என்று ஒரு சொல் கிடையாது.

எந்தப் பொருள் என்று குழப்பம் வந்தால், எதை 'செட் அசைட்' செய்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பணம், நேரம், நிலம் என்றால் ஒதுக்குவது. தீர்ப்பு, உத்தரவு என்றால் ரத்து. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு உங்கள் மீதே வந்திருந்தால் இன்னொன்றையும் மறக்காதீர்கள்: மனுப் போட 30 நாள்தான் கெடு. தீர்ப்பாணை தேதியிலிருந்து, சம்மனே சேராதிருந்தால் விஷயம் தெரிந்த நாளிலிருந்து.