கிட்னி தானம் செய்து மாதங்கள் ஆகியும் வலி போகலையா? காரணம் என்ன, என்ன செய்யலாம்?

தம்பிக்கு ஒரு கிட்னி கொடுத்த அக்கா என்று வைத்துக்கொள்வோம். ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம். தம்பி வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவரைத்தான் நலம் விசாரிக்கிறார்கள். அக்காவுக்கோ குனிந்து நிமிர்ந்தால் விலாவுக்குக் கீழே சுரீர் என்கிறது. கேட்டால், "அவன் நல்லா இருக்கான்ல, அது போதும்" என்கிறார்.

போதாது. இது டாக்டரிடம் சொல்ல வேண்டிய வலி.

எது நாள்பட்ட வலி?

அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில வாரங்கள் வலிப்பது இயல்பு. வேறு காரணம் இல்லாமல் 3 மாதங்களைத் தாண்டியும் நீடித்தால் அது நாள்பட்ட வலி. உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-ல் இதற்குத் தனி இடமே உண்டு. தானம் செய்பவர்களில் பெரும்பாலானோருக்கு இது வருவதில்லை. ஆனால், வந்தவர்களுக்கு அது மனப்பிரமை இல்லை.

ஏன் வருகிறது?

கிட்னி இருப்பது முதுகுப் பக்கம், கீழ் விலா எலும்புகளை ஒட்டி. பழைய முறையில் இடுப்புக்கு மேல் பக்கவாட்டில் பெரிதாகக் கீறி, தசைகளை வெட்டித்தான் அதை எடுப்பார்கள். அப்போது அங்கே ஓடும் நரம்புகள் அடிபடலாம், தழும்பில் சிக்கலாம். காயம் ஆறினாலும் நரம்பு வலி சிக்னலை அனுப்பிக்கொண்டே இருக்கும். எரிச்சல், ஷாக் அடிப்பது போன்ற வலி, மரத்துப்போவது எல்லாம் இதன் அறிகுறிகள்.

1995-ல் அமெரிக்காவில் தொடங்கிய லேப்ராஸ்கோப்பி முறையில் சிறு துளைகள்தான். வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஆனாலும் ரிஸ்க் பூஜ்ஜியம் இல்லை. முதல் சில நாட்களில் கடும் வலி இருந்தவர்கள், ஏற்கெனவே உடலில் வேறு நாள்பட்ட வலி உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

மாத்திரை வாங்கிப் போட்டால் சரியாகிடாதா?

இங்கேதான் ஆபத்து. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் கிட்னியைப் பாதிக்கக்கூடியவை. உங்களிடம் இருப்பதோ ஒன்றுதான். மெடிக்கலில் நீங்களாக வாங்காதீர்கள். நரம்பு வலிக்கான மருந்துகள் வேறு. அவற்றிலும் சில கிட்னி வழியாகவே வெளியேறுவதால், அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

என்ன செய்யலாம்?

* தானத்துக்கு முன்பே எந்த முறை ஆபரேஷன், வலியை எப்படிக் கட்டுப்படுத்துவார்கள் என்று கேளுங்கள்.
* செக்-அப்பில் எங்கே, எப்போது, எப்படி வலிக்கிறது என்று சொல்லுங்கள். குடலிறக்கம் போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.
* பிசியோதெரபி, நரம்பு பிளாக் ஊசி, வலி சிகிச்சை நிபுணர் என வழிகள் உண்டு.
* காய்ச்சல், காயத்தில் வீக்கம், சிறுநீரில் ரத்தம் என்றால் 3 மாதம் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்றவர்கள் நோயோடு ஆபரேஷன் தியேட்டருக்குள் போகிறார்கள். தானம் செய்பவர் ஆரோக்கியமாகப் போகிறார். இந்தியாவில் அப்படிப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அடுத்த முறை அந்த வீட்டுக்குப் போனால், கொடுத்தவரிடமும் "உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள்.