ஆஃப் சீசன் டூர்: தள்ளுபடி கொடுத்தால் மட்டும் விற்றுவிடுமா?

ஜூன் பிறந்து பள்ளிகள் திறந்துவிட்டால் போதும், டிராவல் ஏஜென்சிகளில் போன் அடங்கிவிடும். மே மாதம் முழுக்க 'ஊட்டியில ஒரு ரூமாவது கிடைக்குமா சார்?' என்று கெஞ்சியவர்கள் யாரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். உடனே பல ஏஜென்ட்கள் செய்வது, '40% தள்ளுபடி' என்று ஒரு போஸ்டரை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது. பெரும்பாலும் அதை நாலு பேர் பார்ப்பார்கள். யாரும் புக் பண்ண மாட்டார்கள்.

காரணம் எளிது. ஆஃப் சீசனில் வாடிக்கையாளரின் தயக்கம் விலை பற்றியது அல்ல. 'அவ்வளவு தூரம் போயிட்டு ரூமுக்குள்ளயே உட்கார்ந்திருக்கணுமா?' என்பதுதான் அவர் பயம். அதற்குப் பதில் சொல்லாமல் விலையை மட்டும் குறைத்தால், 'ஏதோ சரியில்லை போல' என்ற சந்தேகம்தான் கூடும்.

பஞ்ச மாதத்தை விற்ற கேரளம்

ஜூலை நடுவில் நமக்கு ஆடி பிறக்கும்போது கேரளத்தில் கர்க்கடகம் பிறக்கிறது. விடாத மழை, வயலில் வேலை இல்லை, கல்யாணமும் இல்லை. 'பஞ்ச மாதம்' என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. சுற்றுலாவுக்கு இதைவிட மோசமான மாதம் இருக்க முடியுமா?

அந்த மாதத்தைத்தான் 'மான்சூன் டூரிசம்' என்று கேரளம் விற்கிறது. மழைக்காலத்தில் உடல் சிகிச்சையை நன்றாக ஏற்கும் என்பது ஆயுர்வேதத்தின் கருத்து. எண்ணெய்ச் சிகிச்சை, மருந்துக் கஞ்சி என்று கர்க்கடகத்துக்கென வீடுகளில் இருந்த வழக்கங்கள் ரிசார்ட் பேக்கேஜ்களாக மாறின. கோடையில் வெந்துகொண்டிருக்கும் வளைகுடா நாட்டவர்களுக்கு மழையே ஒரு காட்சி. அதைப் பார்க்கவே வருகிறார்கள்.

இங்கே மழையை யாரும் மறைக்கவில்லை. மழைதான் சரக்கு. நம் குற்றாலமும் அப்படித்தானே? தென்மேற்குப் பருவமழை பொய்த்தால் அங்கே சீசனே கிடையாது.

ஆகவே ஏஜென்ட் முதலில் தேட வேண்டியது, அந்த மாதத்தில் மட்டும் அங்கே என்ன இருக்கிறது என்பதை. அதிரப்பள்ளி அருவி மார்ச்சில் இளைத்துக் கிடக்கும். ஜூலையில் அதன் முழு உருவத்தைப் பார்க்கலாம். மாலத்தீவில் மழை மாதங்கள் என்று ஒதுக்கப்படும் ஜூன் முதல் நவம்பர் வரைதான் ஹனிஃபாரு விரிகுடாவில் திருக்கை மீன்கள் கூட்டமாக வரும். ஜனவரியில் இரட்டிப்புப் பணம் கொடுத்தாலும் அந்தக் காட்சி கிடைக்காது.

கூட்டமில்லை என்பதும் ஒரு சரக்குதான். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்களுக்கு மட்டுமே இ-பாஸ் என்று உயர் நீதிமன்றமே வரம்பு வைக்க வேண்டியிருந்தது. அந்த நெரிசலில் ஒருமுறை சிக்கியவரிடம் இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

யாரைக் கூப்பிடுவது?

பள்ளிக் காலண்டருக்குக் கட்டுப்படாதவர்களை. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஐ.டி. ஊழியர்கள். ஆடியில் புதுமணத் தம்பதியிடம் ஹனிமூன் விற்கப் போகாதீர்கள், மாமியார் வீட்டில் அனுமதி கிடைக்காது! ஆவணி முகூர்த்தக்காரர்களைப் பிடியுங்கள்.

விலை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ரேட்டைப் பாதியாக்கினால், அதே வாடிக்கையாளர் டிசம்பரிலும் 'போன தடவை இவ்வளவுதானே வாங்கினீங்க?' என்பார். அதற்குப் பதில் ஹோட்டலிடம் வேறு சலுகைகளைக் கேட்கலாம்: பெரிய அறை, காலை உணவு, மாலை வரை அறையில் இருக்க அனுமதி. எல்லாவற்றையும்விட முக்கியமானது, கட்டணமில்லாமல் தேதி மாற்றும் வசதி. அறை காலியாகக் கிடக்கும் மாதத்தில் ஹோட்டல்காரர் இதற்கு ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம். வாய் வார்த்தையாக வேண்டாம், மெயிலில் வாங்கிவிடுங்கள்.

மறைக்கக் கூடாதது

2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் ஏற்பட்ட நிலச்சரிவில் 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகு 'மழையில மலை செம அழகு' என்று மட்டும் சொல்லி ஒரு குடும்பத்தை அனுப்புவது வியாபாரம் அல்ல. சரிவான இடத்தில் இருக்கும் தங்குமிடத்தைத் தவிர்த்து, ஆலப்புழை, கொச்சி போன்ற சமவெளி ஊர்களைப் பரிந்துரைக்கலாம். ரெட் அலர்ட் வந்தால் பணம் திரும்புமா, தேதி மாறுமா என்பதை புக்கிங்கின்போதே எழுதிக் கொடுக்க வேண்டும்.

எது மூடியிருக்கும் என்பதையும் நாமே முதலில் சொல்லிவிடுவது நல்லது. கோவாவில் மழைக்காலத்தில் கடற்கரைக் குடில்களைப் பிரித்துவிடுவார்கள், தூத்சாகர் ஜீப் சவாரி இருக்காது. மூணாறு போகிறவர்கள் கேட்கும் இரவிகுளம் பூங்கா, வரையாடுகள் குட்டி போடும் காலம் என்பதால் வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில் மூடப்படும். வாடிக்கையாளர் அந்த கேட் வரை போய்த் திரும்பினால், அடுத்த டூர் நம்மிடம் இல்லை.

அதேபோல, இரண்டு இரவு பேக்கேஜில் வரும் எண்ணெய் மசாஜை 'கர்க்கடகச் சிகிச்சை' என்று விற்காதீர்கள். உண்மையான சிகிச்சைக்கு ஒரு வாரமாவது வேண்டும், மருத்துவர் பார்க்க வேண்டும், பத்தியம் இருக்கும். மீன் பொரியல் கனவோடு போகிறவருக்கு அது தண்டனை.

இதற்கெல்லாம் போனை எடுக்க வேண்டியது மே மாதத்திலேயே. ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. ஆடிப் பயணத்துக்கு டிக்கெட் போடத் தொடங்கும் நேரமும் அதுதான். ஆவணியில் ஓணம் நெருங்கிவிட்டால் ஹோட்டல்காரர் மறுபடி சீசன் ரேட்டுக்குப் போய்விடுவார்.