வட்டத்துக்குள் எல்லாரும் சமம்

பிரேக்கிங் நடனம் சொல்லித்தரும் எனக்கு, வகுப்பின் முடிவில் போடும் வட்டம்தான் உயிர். அதை ‘சைஃபர்’ என்போம். மேடையும் கிடையாது, முன்வரிசையும் கிடையாது. ஒருவர் உள்ளே வருவார். நின்றபடி ‘டாப்ராக்’ ஆடுவார். கையூன்றித் தரையில் இறங்கிக் கால்களை வீசிச் சுழற்றுவார். தாளம் விழும் இடத்தில் அசையாமல் ‘ஃப்ரீஸ்’ பிடிப்பார். பிறகு அடுத்தவருக்கு வழிவிடுவார். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகூட அங்கே தன் முறைக்கு உரிமையோடு நிற்கும்.

இந்த உரிமை வறுமையில் பிறந்தது. 1970களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வீடுகள் எரிந்தன, வேலைகள் போயின, இளைஞர் கும்பல்கள் மோதிக்கொண்டன. 1973 ஆகஸ்ட் 11 அன்று, பள்ளிக்குப் புதுத்துணி வாங்கப் பணம் சேர்க்க, அங்கே செட்ஜ்விக் அவென்யூ குடியிருப்பின் பொது அறையில் சிண்டி கேம்பெல் ஒரு விருந்து வைத்தார். இசை, அவருடைய அண்ணன் கூல் ஹெர்க். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, தாளம் மட்டும் ஒலிக்கும் ‘பிரேக்’ பகுதியை நீட்டியவர் அவர். அந்தப் பகுதிக்காகவே காத்திருந்து ஆடியவர்களே பி-பாய், பி-கேர்ள் ஆனார்கள். கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கப் பிள்ளைகள் குழு சேர்ந்து, ஆட்டத்திலேயே மோதி, ஆட்டத்திலேயே பெயர் வாங்கினார்கள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் பிரேக்கிங் போட்டியில், தாலிபானிடமிருந்து தப்பிவந்த மனிழா தலாஷ், ஆப்கன் பெண்களின் விடுதலை கேட்கும் வாசகத்தைத் தன் உடையில் ஏந்தி ஆடினார். அரசியல் முழக்கம் என்று தகுதிநீக்கம் செய்தார்கள். ஆனால் அந்த வாசகத்தை உலகமே படித்துவிட்டது. பேச இடம் மறுக்கப்பட்டவர்களுக்கு இந்த ஆட்டம் இடம் தருகிறது. அதனால்தான் இதை ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டும் என்கிறேன்.