மாதம் 10 ரூபாய் போதும்

பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையில் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார் அண்ணல் அம்பேத்கர். பெற்றதை அவர் பல மடங்காகத் திருப்பிக் கொடுத்தார். 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த் கல்லூரி திறக்கப்பட்டது. நம் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் தொடங்கிய நந்தனார் பள்ளியும் பலர் கொடுத்து வளர்ந்ததுதான்.

இன்று நம் பிள்ளைகள் பல்கலைக்கழகம் வரை வந்துவிட்டனர். ஆனால், உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு வருவதற்குள் தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் வந்துவிடுகிறது. அந்தப் பணத்துக்காக வட்டிக்கு வாங்கும் கூலி வீடுகளை நாம் அறிவோம்.

ஒரு துறையில் 200 மாணவர்கள் மாதம் 10 ரூபாய் போட்டால், ஆண்டுக்கு 24,000 ரூபாய் சேரும். படித்து முடித்த நூல்களை இளையவர்களுக்குக் கொடுப்பதும் கொடைதான். வரவு செலவை எல்லாரும் பார்க்கட்டும். வாங்கியவர் பெயரும் படமும் வெளியே வரக் கூடாது. கைநீட்டி, தலைகுனிந்து வாங்க வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம். இன்னொருவரை நாம் தலைகுனிய வைக்கலாமா?

உதவித்தொகையைக் காலத்தில் தருவது அரசின் கடமை. அதை விடாமல் கேட்போம். அது வரும்வரை, பக்கத்து இருக்கையில் இருப்பவரின் படிப்பு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வோம்.