பழைய ஆர்.பி.ஜி. கேம்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஆடலாம்!

அல்டிமா, டாகர்ஃபால், ஃபால்அவுட், பால்டர்ஸ் கேட். இந்தப் பெயர்களைக் கேட்டதும் உங்களுக்குத் தூக்கம் கெட்ட பல இரவுகள் நினைவிற்கு வருகின்றனவா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். இவற்றைக் கேள்விப்படாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஆர்.பி.ஜி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ரோல் பிளேயிங் கேம்களில், நாம் ஒரு கதாபாத்திரத்தை உருவாக்கி, அதற்குப் பெயர் வைத்து, பலம், அறிவு, வேகம் எனப் புள்ளிகளைப் பிரித்துக் கொடுத்து, மாதக் கணக்கில் வளர்ப்போம். கார் பந்தய கேம் போல அரை மணி நேரத்தில் முடிந்துவிடாது. எனவேதான் இந்த கேம்களை ஆடியவர்களுக்கு அவற்றின் மீது தனிப் பாசம்.

அந்தப் பாசத்தில் பழைய சிடியை எடுத்து இன்றைய விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் போட்டால் என்ன நடக்கிறது? பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. அல்லது "இந்த புரோகிராமை உங்கள் கம்ப்யூட்டரில் இயக்க முடியாது" என்ற பொருளில் ஒரு செய்தி கிடைக்கிறது. அன்றைய கம்ப்யூட்டரைப் போலப் பல நூறு மடங்கு திறன் கொண்ட இயந்திரத்தில் ஏன் இந்த நிலை? இதற்கு என்ன வழி? கடந்த சில வாரங்களாக என் லேப்டாப்பில் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்ததை இங்கு தருகிறேன்.

சிக்கல் எங்கே இருக்கிறது?

முதல் காரணம் விண்டோஸ். டாஸ் மற்றும் விண்டோஸ் 3.1 காலத்து புரோகிராம்கள் 16 பிட் வகையைச் சேர்ந்தவை. 32 பிட் விண்டோஸ் இவற்றை இயக்கத் தனியே ஒரு வசதியைத் தன்னுள் வைத்திருந்தது. 64 பிட் விண்டோஸில் அந்த வசதி இல்லை. 2021 ஆம் ஆண்டு வெளியான விண்டோஸ் 11, 64 பிட் வகையில் மட்டுமே வருகிறது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1990களின் பிற்பகுதியில் வந்த பல கேம்கள் 32 பிட் வகைதான். ஆனால் அவற்றை இன்ஸ்டால் செய்யும் செட்டப் புரோகிராம் மட்டும் 16 பிட்டாக இருக்கும். வீடு நன்றாக இருக்கிறது, வாசல் கதவுதான் திறக்கவில்லை என்ற கதை.

இரண்டாவது காரணம் மெமரி. 1992ல் வந்த அல்டிமா 7 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆரிஜின் நிறுவனம் இதற்கென வூடூ என்ற பெயரில் தனி மெமரி மேனேஜரை எழுதியிருந்தது. அது அந்தக் காலத்திலேயே இஎம்எம் 386 போன்ற மற்ற மெமரி மேனேஜர்களுடன் ஒத்துப் போகாது. இந்த கேமை ஆடுவதற்கென்றே தனி பூட் பிளாப்பி தயாரித்து வைத்திருந்தவர்கள் பலர்.

மூன்றாவது காரணம் வேகம். அல்டிமா 7 தன் வேகத்தைத் தானே கட்டுப்படுத்துவதில்லை. புராசசர் எவ்வளவு வேகமோ, அவ்வளவு வேகத்தில் ஊர் மக்கள் ஓடுவார்கள். ஃபால்அவுட் கேமில் வரைபடத்தின் மேல் ஊர் விட்டு ஊர் போகும் பயணம், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

நான்காவது திரை. டாகர்ஃபால் 320 x 200 அளவில் இயங்கும். பால்டர்ஸ் கேட் 640 x 480. இன்றைய முழு ஹெச்டி திரையின் 1920 x 1080 அளவை இத்துடன் ஒப்பிட்டால், பால்டர்ஸ் கேட் திரையைப் போல் 6.75 மடங்கு, டாகர்ஃபால் திரையைப் போல் 32 மடங்கிற்கும் மேல் புள்ளிகள் உள்ளன. படத்தை அப்படியே இழுத்து நிரப்பினால் வீரர்கள் எல்லாம் குள்ளமாகவும் குண்டாகவும் தெரிவார்கள்.

ஐந்தாவது, சிடி பாதுகாப்பு. நகல் எடுப்பதைத் தடுக்க சேஃப்டிஸ்க் என்னும் சாப்ட்வேர் பல சிடிக்களில் சேர்க்கப்பட்டது. பாதுகாப்புக் காரணங்களுக்காக 2015ல் விண்டோஸ் 10 இதன் டிரைவரைக் கைவிட்டது. எனவே கடையில் பணம் கொடுத்து வாங்கிய ஒரிஜினல் சிடியாக இருந்தாலும் அந்த கேம்கள் இயங்க மறுக்கும்.

முதல் வழி: பழைய கம்ப்யூட்டரையே உருவாக்குவது

டாஸ் கேம்களுக்கு டாஸ்பாக்ஸ் என்ற இலவச சாப்ட்வேர் உள்ளது. 2002 முதல் கிடைத்து வரும் இது, உங்கள் கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரையே உருவாக்கித் தருகிறது. பழைய புராசசர், விஜிஏ கார்டு, சவுண்ட் பிளாஸ்டர் கார்டு எல்லாம் அதனுள் உண்டு. தான் இருப்பது ஒரு பழைய 486 கம்ப்யூட்டரில் என்று கேம் நம்பிவிடும்!

கட்டளைகளை டைப் செய்யத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். கேம் உள்ள போல்டரைத் திறந்து, அதன் இஎக்ஸ்இ பைலை மவுஸால் இழுத்து டாஸ்பாக்ஸ் ஐகான் மீது விடுங்கள். அந்த போல்டரே சி டிரைவாக மாறி, கேம் இயங்கத் தொடங்கும். பின் கீழ்க்காணும் கீகளை நினைவில் கொள்ளுங்கள்.

* ஆல்ட் + என்டர்: முழுத் திரைக்கு மாற, திரும்ப.
* கண்ட்ரோல் + எப் 12: வேகம் கூட்ட.
* கண்ட்ரோல் + எப் 11: வேகம் குறைக்க.
* கண்ட்ரோல் + எப் 10: சிக்கிக் கொண்ட மவுஸை விடுவிக்க.

வேகத்தைப் பொறுத்தவரை அவசரம் வேண்டாம். எப் 12 கீயைச் சில முறை தட்டிவிட்டு, ஊருக்குள் பத்தடி நடந்து பாருங்கள். நடை இயல்பாக இருந்தால் நிறுத்திவிடுங்கள். குண்டு வீரர் பிரச்னைக்கும் தீர்வு உண்டு. டாஸ்பாக்ஸ் ஆப்ஷன்ஸ் பைலைத் திறந்து, ஆஸ்பெக்ட் என்ற வரியில் ஃபால்ஸ் என்று இருப்பதை ட்ரூ என மாற்றி சேவ் செய்திடுங்கள். படம் பழைய மானிட்டரில் தெரிந்த அதே உயரத்திற்கு வந்துவிடும்.

இரண்டாவது வழி: புதிய இன்ஜின்

இதுதான் என்னை மிகவும் கவர்ந்த வழி. ஒரு கேமில் இரண்டு பகுதிகள் உள்ளன. படங்கள், இசை, வரைபடங்கள், உரையாடல்கள் ஆகியவை டேட்டா பைல்கள். அவற்றைப் படித்துத் திரையில் ஓட்டுவது இன்ஜின். காலாவதியாவது இன்ஜின் மட்டும்தான். டேட்டா பைல்கள் கெடாமல் இருந்தால், அவற்றைப் படிக்கும் புதிய இன்ஜினை வேறு யாராவது எழுதிவிடலாம். அப்படி எழுதியும் இருக்கிறார்கள், அதுவும் இலவசமாக!

அல்டிமா 7 கேமிற்கு எக்ஸல்ட். பால்டர்ஸ் கேட், பிளேன்ஸ்கேப் டார்மென்ட் போன்றவற்றிற்கு ஜெம்ஆர்பி. 2002ல் வந்த மோரோவிண்ட் கேமிற்கு ஓப்பன் எம்டபிள்யூ. இவை எவற்றிலும் கேம் கிடையாது. அதை நீங்கள்தான் தர வேண்டும். எக்ஸல்ட் உங்கள் அல்டிமா 7 போல்டரில் உள்ள ஸ்டேட்டிக் என்னும் போல்டரைக் கேட்கும். அதைக் காட்டிவிட்டால் போதும். வூடூ தொல்லை இல்லை, வேகத் தொல்லையும் இல்லை.

1996ல் பெத்தெஸ்டா வெளியிட்ட டாகர்ஃபால் கேமிற்கு வந்த டாகர்ஃபால் யூனிட்டி இன்னும் ஒரு படி மேல். கேவின் கிளேட்டன் தொடங்கிய இந்தத் திட்டத்தின் 1.0 பதிப்பு 2023 இறுதியில் வெளியானது. 15,000க்கும் மேற்பட்ட ஊர்களும் கோட்டைகளும் பாதாளச் சுரங்கங்களும் கொண்ட பிரம்மாண்டமான கேம் டாகர்ஃபால். அந்தப் பிரம்மாண்டத்திற்கு ஏற்ற பிழைகளும் அதில் இருந்தன. சுரங்கத்தில் நடந்து கொண்டிருக்கும்போதே தரை வழியே கீழே விழுந்து, உலகிற்கு வெளியே இருட்டில் மிதப்பது அன்று சர்வ சாதாரணம். புதிய இன்ஜினில் நான் இதுவரை ஒரு முறைகூட விழவில்லை.

அண்ணனின் எபனி வாள்

டாகர்ஃபாலை நான் தேர்ந்தெடுக்க ஒரு தனிக் காரணம் உண்டு. 1990களின் இறுதியில் எங்கள் வீட்டு பென்டியம் கம்ப்யூட்டரில் அதை ஆடியவர் என் அண்ணன். நான் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவன். 2003ல் அந்தக் கம்ப்யூட்டரை விற்கும் முன், அவருடைய சேவ் போல்டர்களை ஒரு சிடி-ஆரில் எழுதி வைத்தோம். டாகர்ஃபாலில் சேவ் 0 முதல் சேவ் 5 வரை ஆறு போல்டர்கள் இருக்கும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த சிடியை யாரும் தொடவில்லை.

இன்றைய லேப்டாப்களில் சிடி டிரைவ் இருப்பதில்லை என்பதால், யுஎஸ்பியில் இணைக்கும் டிவிடி டிரைவ் ஒன்றை வாங்கினேன். சிடியின் ஓரத்தில் பூச்சு மங்கியிருந்தது. ஐந்து போல்டர்கள் காப்பி ஆயின. சேவ் 2 மட்டும் எத்தனை முறை முயன்றும் படிக்கவில்லை. வேறொரு டிரைவில் போட்டும் பயனில்லை.

கிடைத்த ஐந்தை என் லேப்டாப்பில் டாகர்ஃபாலின் டேட்டா உள்ள ஆரீனா 2 போல்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். டாகர்ஃபால் யூனிட்டியின் லோட் திரையில் பழைய கேமின் சேவ்களுக்கு மாறும் பட்டன் ஒன்று உள்ளது. அதைக் கிளிக் செய்தேன். அண்ணன் வைத்த பெயருடன் அவருடைய வீரர் வந்து நின்றார். உடனே போனில் அண்ணனை அழைத்துச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு, "எபனி வாள் இருக்கான்னு பாருடா" என்றார். இருந்தது.

சேவ் 2ல் என்ன இருந்தது என்று அவருக்கு நினைவில்லை. இனி அதை அறியவும் வழியில்லை.

எதை முதலில் காப்பாற்றுவது?

இந்த அனுபவத்தில் நான் தெளிவாகத் தெரிந்து கொண்டது ஒன்றுதான். இன்ஜினைப் பற்றிக் கவலை வேண்டாம். அதை எழுத உலகெங்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். டேட்டா பைல்கள் தொலைந்தாலும் பெரும்பாலும் மீண்டும் வாங்கிக் கொள்ளலாம். ஆனால் சேவ் பைல்கள் உங்களிடம் மட்டுமே உள்ளன. அவற்றை விற்கும் கடை எதுவும் இல்லை. எனவே காப்பாற்றும் வரிசை இப்படி இருக்கட்டும்.

1. சேவ் பைல்கள்: பழைய ஹார்ட் டிஸ்க், பிளாப்பி, சிடி-ஆர் எதில் இருந்தாலும் முதலில் இவற்றைக் காப்பி செய்திடுங்கள். இவற்றின் அளவு மிகச் சிறியது. ஒரு பென் டிரைவிலும் இன்னொரு இடத்திலுமாக இரண்டு நகல்கள் வைத்திருங்கள்.

2. டேட்டா சிடிக்கள்: இம்க்பர்ன் போன்ற இலவச சாப்ட்வேர் மூலம் சிடி முழுவதையும் ஒரே இமேஜ் பைலாக மாற்றலாம். ஐஎஸ்ஓ பைல் என்றால் விண்டோஸ் 8 முதல் டபுள் கிளிக் செய்தாலே சிடி போலத் திறந்து கொள்ளும். ஒரு எச்சரிக்கை: சில கேம்களின் இசை, பாட்டு சிடி போல ஆடியோ டிராக்குகளாகப் பதியப்பட்டிருக்கும். ஐஎஸ்ஓவில் அது வராது. அத்தகைய சிடிக்களை பின் மற்றும் க்யூ என்ற இரட்டை பைல்களாக எடுங்கள்.

3. கையேடுகள், வரைபடங்கள்: பழைய கேம்கள் சில, "கையேட்டில் உள்ள இந்தக் கேள்விக்கு விடை என்ன?" என்று இடையில் கேட்கும். அல்டிமா 7 அப்படிப்பட்டதுதான். எனவே கையேட்டை ஸ்கேன் செய்து அதே போல்டரில் வைத்துவிடுங்கள்.

சிடி இல்லையா?

கவலை வேண்டாம். ஆனால் பழைய கேம்தானே என்று கண்ட தளங்களில் இருந்து இறக்கிக் கொள்ளாதீர்கள். கேம் பழையது என்பதால் அதன் காப்புரிமை போய்விடுவதில்லை. கூடவே வைரஸும் இலவசமாக வரலாம். 2008ல் தொடங்கப்பட்ட ஜிஓஜி தளத்தில் இந்தப் பழைய கேம்கள் பலவும் பூட்டு எதுவும் இன்றி விற்கப்படுகின்றன. டாஸ் கேம் என்றால் பெரும்பாலும் டாஸ்பாக்ஸ் சாப்ட்வேரையும் அதனுடன் சேர்த்து, உரிய செட்டிங்ஸ் எல்லாம் செய்தே தருகிறார்கள். 1985ல் ரிச்சர்ட் காரியட் உருவாக்கிய அல்டிமா 4 அங்கே இலவசம். டாகர்ஃபாலை பெத்தெஸ்டா 2009லேயே இலவசமாக்கிவிட்டது. 2022 முதல் ஸ்டீம் தளத்திலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

ஆக, கேம்கள் எங்கும் போய்விடவில்லை. நீங்கள் அவற்றில் செலவிட்ட இரவுகளின் பதிவுதான் அலமாரியில் மங்கிக் கொண்டிருக்கிறது. அந்த சிடி பெட்டியை இந்த ஞாயிற்றுக்கிழமையே கீழே இறக்குங்கள். ஆடுவதைப் பிறகு வைத்துக் கொள்ளலாம். முதலில் காப்பி செய்திடுங்கள்.